துண்டுக்கு டிக்கெட்

உட்காருங்கள் பெரியவரே. அந்தப் பச்சை நாற்காலியில் வேண்டாம், அது வேலைக்கு உள்ளது. இந்த ஸ்டூலில் உட்காருங்கள். செருப்பை வாசலிலேயே விட்டீர்கள் அல்லவா? நல்லது. குழந்தை இருக்கிற வீடு.

பால் போடுகிற செல்வி என்ன வேலை என்று சொல்லி அனுப்பினாள்? வாட்ச்மேன் என்றா? ஐயோ, வாட்ச்மேன் வைக்கிற அளவுக்கு நாங்கள் பெரிய மனிதர்கள் இல்லை. இது அதைவிட லேசான வேலை. கண்விழிக்க வேண்டாம், கேட்டைத் திறந்து மூட வேண்டாம், யாருக்கும் சல்யூட் அடிக்க வேண்டாம். நான் காரை எடுத்துக்கொண்டு வெளியே போனால், திரும்பி வரும்வரை கார் நின்ற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் வந்து ஹாரன் அடித்ததும் எழுந்து நாற்காலியோடு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். உட்காருகிற வேலை. இந்தக் காலத்தில் உட்கார்ந்தபடி செய்கிற வேலை யாருக்குக் கிடைக்கிறது, சொல்லுங்கள்?

சிரிக்காதீர்கள். இதை எட்டு மாதம் யார் பார்த்தார் தெரியுமா? என் மாமனார். தணிகாசலம் என்று பெயர். பஸ் கண்டக்டராக முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவரே செய்தார் என்றால் இது ஒன்றும் கேவலமான வேலை இல்லை என்று உங்களுக்கே புரியும்.

நான் பயந்த சுபாவம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறந்த நாளிலிருந்து எனக்குக் கோழித் தூக்கம்தான். அவன் இருமினால் எழுந்துவிடுவேன். இருமாவிட்டாலும் எழுந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் லோகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறார், காலையில் கம்பெனி பஸ் ஏறினால் ராத்திரிதான். கார் எனக்கும் பிள்ளைக்கும்தான். ஒரு தாய்க்குக் கையெட்டும் தூரத்தில் கார் இருக்க வேண்டும். அது ஆடம்பரம் என்று சொல்கிறவர்களுக்குப் பிள்ளை இல்லை என்று அர்த்தம்.

போன வருஷம் ஆடி மாதம். ரித்விக்குக்கு இரண்டே கால் வயது. காலையிலிருந்து காய்ச்சல். மருந்து கொடுத்துப் படுக்கவைத்தேன். பதினொரு மணிக்குப் பார்த்தால் கண் மேலே செருகிக்கொண்டது. கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை. எனக்கு உலகமே நின்றுவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாவியோடு கீழே ஓடினேன். வாசலில் கார் இல்லை. முந்தின நாள் வாசலில் இடம் கிடைக்காமல் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால், மூன்றாவது தெருவில் விட்டிருந்தேன். எந்தத் தெரு என்பதே அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. நடுத்தெருவில் நின்று கத்துகிறேன்.

கீழ் அறையிலிருந்து மாமா வந்தார்.  பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார். அறுபத்தேழு வயது, காலில் செருப்புகூட இல்லை. மெயின் ரோட்டுக்கு ஓடி, நடு ரோட்டில் நின்று, பனியனுக்குள் கயிற்றில் தொங்குகிற பழைய விசிலை எடுத்து ஒன்று ஊதினார். கண்டக்டர்களுக்கு அது ஒரு கணக்கு. ஒன்று ஊதினால் நிறுத்து, இரண்டு ஊதினால் ரைட், போகலாம். வந்த பஸ் நின்றுவிட்டது. டிரைவருக்கு இவரைத் தெரியும் போலிருக்கிறது. நாங்கள் ஏறியதும் இரண்டு ஊதினார். அவ்வளவுதான், அந்த பஸ் நடுவில் ஒரு ஸ்டாப்பிலும் நிற்காமல் நேராகக் குழந்தைகள் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. பதினோரு நிமிஷம்.

யோசித்துப் பாருங்கள். என் பிள்ளையை பஸ்ஸில்! அறுபது பேர் வியர்வை நடுவில். மீன் கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் தன் முந்தானையை நனைத்து அவன் நெற்றியில் போடுகிறாள். என்ன தண்ணீரோ, என்ன முந்தானையோ. இறங்க வேண்டிய ஸ்டாப்பில் இறங்காமல் எல்லோரும் வாயைப் பிளந்து என் பிள்ளையையே பார்க்கிறார்கள். பிள்ளை பிழைத்துவிட்டான், அது வேறு. ஆனால் அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டேன். இப்படி ஒரு நிலைமை இனி என் பிள்ளைக்கு வரக்கூடாது. கார் வாசலில்தான் நிற்க வேண்டும். எப்போதும். எந்நேரமும்.

கீழே கார் விட இடம் இல்லையா என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். இருந்தது. கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே ஒரு கார் நிற்கிற இடம் எங்கள் பங்குக்கு பில்டர் கொடுத்திருந்தார். அத்தை தவறிப்போய் மாமா எங்களோடு வந்தபோது, அந்த இடத்தில் மூன்று பக்கமும் சுவர் எழுப்பி ஷட்டர் போட்டு அவருக்கு ஒரு அறை ஆக்கிக்கொடுத்தோம். எத்தனை மருமகள்கள் மாமனாருக்குத் தனி அறை கொடுக்கிறார்கள்? மாடி ஏறுகிற சிரமம் இல்லை. அவர் இருமினால் பிள்ளைக்குத் தொற்றுகிற பயமும் இல்லை. எல்லோருக்கும் சௌகரியம்.

ஆக, காருக்கு உரிய இடத்தில் அவர் இருந்தார். அப்படியென்றால் காருக்கு ஓர் இடம் அவர் பார்த்துக் கொடுப்பதுதானே நியாயம்?

முதலில் அவரை உட்கார வைக்கவில்லை. பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் கொட்டி, நடுவே ஒரு இரும்புக் குழாயை நட்டு வாசலில் வைத்தேன். இந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான். ஒரு வீட்டில் டயர், ஒரு வீட்டில் பூந்தொட்டி, எதிர்வீட்டுச் சபேசன் ஒரு உடைந்த அம்மிக்கல்லைப் போட்டிருந்தார். அவர்தான் எங்கள் தெரு நலச் சங்கத்துச் செயலாளர். புரட்டாசியில் மாநகராட்சி லாரி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. தெருவில் கார் நிறுத்துவதை ஒழுங்குபடுத்தப் போகிறார்களாம், புதுத் திட்டமாம். லாரியில் வந்தவரிடம் சண்டை போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "பொருள் இருந்தா எடுத்துடுவோம்மா. ஆள் உக்காந்திருந்தா எப்படி எடுக்கறது?" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு மின்னல் வெட்டியது போல இருந்தது.

மாமாவுக்கும் ஆரம்பத்தில் பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. காலையில் குளித்து, பட்டையாக விபூதி பூசி, தோளில் துண்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார். தெருவில் இரண்டு வண்டி எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டால் எழுந்துபோய், "நீ கொஞ்சம் பின்ன எடு நைனா... வா, வா, வா... ஹோல்டேன்!" என்று விசில் அடித்து அனுப்பிவைப்பார். காலேஜ் பையன்கள், "தாத்தா, வண்டி எப்ப எடுப்பீங்க?" என்று கிண்டல் செய்வார்கள். "டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கான், ஏறி உக்காரு" என்பார். நான் ஹாரன் அடித்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுவார். பின்னால் நின்று கை காட்டி, சரியான இடம் வந்ததும் ஒரு விசில். எனக்கு ரிவர்ஸ் சரியாக வராது. அவர் இருந்தால் நான்கைந்து தடவையில் நிறுத்திவிடுவேன்.

ஒருநாள் துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டே சொன்னார். "சர்வீஸ் பூரா துண்டு போட்டவனைத் திட்டினேன். கடைசில நானே துண்டா ஆயிட்டேன்மா."

எனக்கு அப்போது புரியவில்லை. நான் படித்த கான்வென்டிலிருந்து வீட்டுக்கு வேன்தான். பஸ் விவகாரம் எனக்கு என்ன தெரியும்?

அந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு புங்க மரம் இருந்தது. காக்கை எச்சம் விழுந்து கார் பெயிண்ட் பாழாகிறதே என்று கிளையை மட்டும்தான் கழிக்கச் சொன்னேன். வந்தவன் அடியோடு வெட்டிவிட்டான். நான் தடுக்கவில்லை, அது வேறு. அதனால்தான் இப்போது கொஞ்சம் வெயில் விழுகிறது. பன்னிரண்டு மணியிலிருந்து ஒரு மூன்று மணிவரைக்கும். பழகிவிடும்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததுதான். பங்குனியில் கூட்டம் போட்டார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை பெரியவரே. செத்தவரைப் பற்றிப் பேசக்கூடாது, ஆனாலும் மன்னிக்க முடியவில்லை.

வார்டு கூட்டம், மாநகராட்சிப் பள்ளிக்கூடத்து ஹாலில். ஒரு இளம்பெண் என்ஜினியர், சிந்துஜா என்று பெயர், வந்து விளக்கினாள். தெரு அகலம் இருபத்துநாலு அடியாம். இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் எட்டு அடிதான் மிச்சமாம். இனி ஒரு பக்கம் மட்டும் கோடு போட்டுக் கார் நிற்கும், இன்னொரு பக்கம் நடப்பவர்களுக்கு. கட்டடத்துக்குள் இடம் உள்ளவர்கள் உள்ளேதான் விட வேண்டும். மற்றவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு பர்மிட், கட்டணம் உண்டு. அந்தப் பணத்தில் நடைபாதை, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு மினி பஸ். பேச்சு அப்படியே தேன் மாதிரி!

ஹாலே எழுந்துவிட்டது. "எங்க வாசல்ல நிறுத்த எங்ககிட்டயே காசா?" "ரோடு யாரு வீட்டுச் சொத்து?" சபேசன் சார் மேஜையைத் தட்டினார். நானும் பேசினேன். பள்ளிக்கூடத்தில் 'நான் காணும் கனவு நகரம்' என்ற பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் நான். "வலிப்பு வந்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்ற தாயின் வலி உங்கள் கோட்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கைதட்டல் அடங்க அரை நிமிஷம் ஆயிற்று. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து மாமா எழுந்தார். நான் ஏதோ என் பக்கம்தான் பேசப் போகிறார் என்று நினைத்தேன்.

"நான் கண்டக்டரா இருந்தவன். பஸ்ஸு நிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட்டு புடிப்பானுங்க. நான் அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டிக் கேப்பேன். யாருதுப்பா இது, துண்டுக்கு டிக்கெட் எடுத்தியா? எடுத்திருந்தா துண்டு உக்காரட்டும். எடுக்கலன்னா கைக்குழந்தையோட நிக்குதே அந்தப் பொம்பள, அது உக்காரட்டும்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"தெருவுல நிக்கற காருங்க எல்லாம் துண்டுதாம்மா. உள்ள ஆளு இல்ல. டிக்கெட்டும் இல்ல. நாள் பூரா சீட்டு மட்டும் புடிச்சிருக்கு. எம் பேரனைக் காப்பாத்தினது பஸ்ஸு. அது மெயின் ரோட்டுல நின்னுது, ஏன்னா இந்தத் தெருவுல அதுக்கு வழி இல்ல. நீ டிக்கெட் போடும்மா. மொத டிக்கெட் எம் மருமக காருக்குப் போடு."

சபேசன் சார் விடுவாரா? "ஏம்ப்பா பெருசு, உங்க வீட்டுக்குத்தான் கீழ கார் பார்க்கிங் இருக்குதே, அதுல என்ன வெச்சிருக்கீங்க? அதச் சொல்லுங்க முதல்ல" என்றார்.

"நான்தான் இருக்கேன்" என்றார் மாமா. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னை எடுத்துட்டு வண்டிய வைக்கச் சொல்லுங்க. நான் மேல ஹால்ல ஒரு ஓரமா படுத்துக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஹாலில் படுத்துக்கொள்வாராம்! எங்கள் ஹாலைப் பாருங்கள், இங்கே சோபா, அங்கே டிவி, அந்த மூலையில் பிள்ளையின் சறுக்குமரம். எங்கே படுப்பார்? லோகுவிடம் அழுதேன். "அப்பா ஏதோ வெள்ளந்தியா பேசிட்டாரு, விடு ஹேமா" என்றார். மகன்கள் எல்லாம் அப்படித்தான்.

மறுநாள் காலை நாற்காலியைக் காணோம். கீழே போய்ப் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். "இனிமே நான் உக்கார மாட்டேன்மா. ஊருக்கு முன்னாடி அப்படிப் பேசிட்டு நானே துண்டா போய் உக்காந்தா அசிங்கம்" என்றார்.

நான் சண்டை போடவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. எங்கள் கான்வென்டில் கோபத்திலும் மெதுவாகத்தான் பேசச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "சரி மாமா. உங்கள் இஷ்டம். ரித்விக்குக்கு மறுபடியும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வந்தால் நீங்கள் பஸ்ஸை நிறுத்துவீர்கள். நீங்கள் இல்லாத நாளில் வந்தால் யார் நிறுத்துவார்கள்? அப்போது கார் மூன்றாவது தெருவில் நிற்கும். நான் நடுத்தெருவில் நின்று கத்துவேன். பரவாயில்லை மாமா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு கட்டிலுக்குப் பின்னாலிருந்து நாற்காலியை இழுத்து எடுத்துக்கொண்டு வெளியே போனார். டாக்டர் உண்மையில் என்ன சொன்னார் என்றால், இந்த வயதில் சில பிள்ளைகளுக்கு வரும், போகப் போகச் சரியாகிவிடும், பயப்படாதீர்கள் என்றார். வரவே வராது என்று சொல்லவில்லையே?

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். விசிலைக் கழற்றிப் பேரன் கழுத்தில் மாட்டிவிட்டார். எனக்கு ரிவர்ஸ் பார்க்கும்போது, நிறுத்து என்பதற்கு வாயாலேயே "ஹோல்டேன்" என்பார். அவ்வளவுதான்.

சித்திரை கடைசி. கத்திரி வெயில். ரித்விக்குக்கு எல்.கே.ஜி. சீட், நான் படித்த அதே கான்வென்டில். இரண்டாவது பட்டியலில் கூப்பிட்டிருந்தார்கள். கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஒரு வாரமாக எனக்கு அதே நினைப்பு. ஒன்பதரைக்குக் காரை எடுத்தேன். மாமா வந்து உட்கார்ந்தார். "பதினோரு மணிக்கு வந்துவிடுவேன். அதுவரை எழுந்திருக்காதீர்கள் மாமா. சபேசன் வீட்டுக்கு இன்றைக்கு விருந்தாளி வருகிறார்கள், கண்கொத்திப் பாம்பாக இருப்பார்கள்" என்றேன். தலையை ஆட்டினார். தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன். பாதிக்கு மேலேயே இருந்தது.

பள்ளியின் தலைமை சிஸ்டர் வரப் பன்னிரண்டாகிவிட்டது. அலுவலகத்துக்குள் போனில் சத்தம் வரக்கூடாது, அது எங்கள் பள்ளியின் முதல் ஒழுக்கம், அதனால் ஓசையை அணைத்துவைத்திருந்தேன். சிஸ்டருக்கு என்னை ஞாபகம் இருந்தது! "ஹேமமாலினி, பேச்சுப் போட்டி ஹேமமாலினி" என்றார். பிள்ளையைப் பாட்டுப் பாடச் சொன்னார். பாடினான். சீட் கிடைத்துவிட்டது. வெளியே வந்தபோது எனக்குக் காலே தரையில் இல்லை. போனைப் பார்த்தால் மாமா இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். பாத்ரூம் போக வேண்டும் என்றிருப்பார். இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தேன். பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன், பக்கத்திலேயே யூனிஃபார்ம் கடை, அளவு கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். தெருவுக்குள் நுழையும்போது இரண்டு பத்து.

பிறகு சபேசன் சொல்லித்தான் தெரியும். ஒரு மணிக்கு அவரே குடையோடு வந்து, "பெருசு, உள்ள போய்யா. சத்தியமா இந்த இடத்துல நான் வண்டி வைக்க மாட்டேன்" என்று சொன்னாராம். "டிக்கெட் எடுக்காதவன் சத்தியத்தை நம்பக் கூடாது சார்" என்று மாமா சிரித்தாராம். அப்படிப்பட்ட கடமையுள்ள மனிதர். அவரிடம் எனக்குப் பிடித்ததே அந்தக் குணம்தான்.

நான் வந்து ஹாரன் அடித்தேன். எழுந்திருக்கவில்லை. தலையில் துண்டு, முகம் கீழே குனிந்திருக்கிறது. மறுபடியும் அடித்தேன். எனக்குக் கோபம். சாதிக்கிறார், பார், தெருவே பார்க்கட்டும் என்று சாதிக்கிறார் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை நீளமாக அடித்தேன். பின்சீட்டில் ரித்விக் கழுத்து விசிலை எடுத்து இரண்டு ஊதினான். "தாத்தா, ரைட்!" என்றான். எழுந்திருக்கவில்லை.

எனக்குப் பின்னால் ஒரு ஆட்டோ. அவன் விடாமல் ஹாரன் அடிக்கிறான். அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி. நான் என்ன செய்யட்டும்? இறங்கிப் போய், நாற்காலியை அவரோடு சேர்த்தே சுவர் ஓரமாக இழுத்துவிட்டேன். பிளாஸ்டிக் கால் தார் ரோட்டில் தேய்கிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கனமாக இருந்தார். திரும்பி வந்து காரை விட்டேன். நம்ப மாட்டீர்கள், அன்றைக்குத்தான் ஒரே தடவையில் ரிவர்ஸ் எடுத்தேன். நூல் பிடித்தது போல நின்றது.

பிறகு போய்த் துண்டை விலக்கினேன். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. தோல் கொதிக்கிறது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. மூச்சு இருந்தது. வாய் மட்டும் மெதுவாக ஏதோ சொன்னது. "ஹோல்டேன்" என்றாரோ என்னவோ.

உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. சபேசன் சார் ஓடிவந்தார். "ஹேமா, எதுக்கு ஆம்புலன்ஸ்? வண்டிதான் முன்னாடியே நிக்குதே. சாவியக் குடு, நான் ஓட்டறேன்" என்றார்.

சாவியைக் கேட்கிறார் பாருங்கள், அவர்! வீட்டில் விருந்தாளி. அவர் என் காரை எடுத்துக்கொண்டு போன அடுத்த நிமிஷம் அவர் மனைவி அந்த இடத்தில் விருந்தாளியின் வண்டியை விட மாட்டாளா? அப்புறம் நான் திரும்பி வந்து எங்கே நிறுத்துவேன்? ஒருவேளை அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளைக்கு ஏதாவது என்றால்? வெயிலில் அலைந்த பிள்ளை, ஐஸ்கிரீம் வேறு சாப்பிட்டிருக்கிறான். அவசரத்துக்கு என்று வைத்திருக்கிற காரை எடுத்துவிட்டால் அவசரத்துக்கு என்ன இருக்கும்?

"ஆம்புலன்ஸ் வந்துடும் சார். அவங்கதான் முறையா பார்ப்பாங்க" என்றேன். சாவியைக் கைக்குள்ளேயே வைத்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி பார்த்தபோது உள்ளங்கையில் சாவியின் பல் அப்படியே பதிந்திருந்தது.

ஆம்புலன்ஸ் சீக்கிரமாகத்தான் வந்தது, குறை சொல்லக்கூடாது. தெருமுனையோடு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கார், நடுவில் அந்தத் தண்ணீர் லாரி. ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு நடந்தே உள்ளே வந்தார்கள், தூக்கிக்கொண்டு நடந்தே போனார்கள். அதற்குள் ஒரு கால் மணி ஆகியிருக்கும். மெயின் ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வழியிலேயே முடிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். எல்லா டாக்டரும் எல்லோரிடமும் சொல்வதுதானே அது?

சாமியானா போடக் காரை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். இரண்டு நாள் கார் மூன்றாவது தெருவில் நின்றது. அந்த இரண்டு நாளும் எனக்கு உயிர் கையில் இல்லை. பிள்ளைக்குக் கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு அதிசயம் நடந்தது. காரை எடுக்கும்போது அவருடைய நாற்காலியைச் சும்மா போட்டுவிட்டுப் போனேன், அவர் துண்டை மேலே விரித்து. யாரும் தொடவில்லை. தெருவே ஒதுங்கிப் போயிற்று. உயிரோடு இருந்தபோதுகூட அவருக்கு அவ்வளவு மரியாதை இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, மறுநாளே சபேசன் நாற்காலியைத் தூக்கிச் சுவர் ஓரம் வைத்துவிட்டு வண்டியை விட்டுவிட்டார். துண்டை மடித்து என் கையில் கொடுத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. இந்தத் தெருவில் மனிதர்கள் இவ்வளவுதான்.

இப்போது ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ரித்விக் மாடி ஜன்னலில் நின்று, அந்த இடத்தைப் பார்த்து இரண்டு விசில் ஊதுகிறான். ஊதிவிட்டுக் காத்திருக்கிறான். விசிலைப் பிடுங்கி ஒளித்துவைத்தேன். இப்போது நாக்கை மடித்து வாயாலேயே ஊதுகிறான். இரண்டு. அப்புறம் காத்திருக்கிறான். நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் நிறுத்திவிடுவான் என்று தோன்றுகிறது. குழந்தைதானே, மறந்துவிடும். மறந்துவிடும் அல்லவா?

அதனால்தான் செல்வியிடம் சொல்லிவைத்தேன். உங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை, மகன் வீட்டில் சரிப்படவில்லை என்றாள். இங்கே தங்க அறையும் தருகிறேன் பெரியவரே. கீழே மாமா இருந்த அதே அறைதான். நல்ல நீளமான அறை. பதினாறு அடிக்கு எட்டு அடி. தரை சிமெண்ட், கழுவிவிட்டால் போதும். போன வாரம் அந்த சிந்துஜா பெண் மறுபடியும் வந்து ஷட்டரைத் தட்டிப் பார்த்தாள், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். காலியாக இருந்தால் சுவரை இடித்து இடத்தைத் திறக்க வேண்டுமாம். ஒரு பெரியவர் குடியிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் வந்துவிட்டால் அது பொய்யும் ஆகாது.

என்ன கேட்டீர்கள்? மெதுவாகப் பேசுகிறீர்கள், காதில் விழவில்லை.

அந்த அறையிலேயே காரை விட்டால் என்ன என்றா?

நன்றாகக் கேட்டீர்கள். அப்புறம் நீங்கள் எங்கே தங்குவீர்கள்? உங்களுக்காகத்தானே சொல்கிறேன்.

சரி, மணி பதினொன்றே முக்கால் ஆகிறது. பன்னிரண்டுக்குப் பள்ளி விட்டுவிடும், நான் பிள்ளையை அழைத்துவரக் கிளம்ப வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்கிறீர்கள். யோசியுங்கள். யோசிக்கிறதை அங்கேயே உட்கார்ந்து யோசிக்கலாமே. அந்தப் பச்சை நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னங்கால் ஒன்று தேய்ந்திருக்கிறது, கொஞ்சம் ஆடும், சாயாமல் உட்காருங்கள். அரைமணி நேரத்தில் வந்துவிடுவேன். நான் வரும்வரை மட்டும் எழுந்திருக்காதீர்கள்.

தொப்பி ஒன்றும் வேண்டாம். உங்கள் தோளிலேயே துண்டு இருக்கிறதே, அது போதும்.